கேழ்வரகு பூமியில் பள்ளிக்கூடத்துச் சோறு

2023-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி, தமிழ்நாட்டின் ஏனைய ஜில்லாக்களில் இல்லாத ஒரு புதிய ஏற்பாடு தருமபுரியிலும் நீலகிரியிலும் நடைமுறைக்கு வந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கும் குடும்பத்தார், விரும்பினால், தம் பங்கில் 2 கிலோ அரிசியை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு பெற்றுக்கொள்ளலாம் என்பதே அந்த ஏற்பாடு. குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் என்று அந்தப் பருவத்துக்கு வகுக்கப்பட்டிருந்த ஆதார விலையில், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் கேழ்வரகை விவசாயிகளிடமிருந்து நேரே கொள்முதல் செய்யவும் முற்பட்டது. பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்தக் காரியத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஏழைக்கு ஆகாரம் அளிப்பது என்றாலே அரிசி அளிப்பது என்று ஆகிவிட்ட ஒரு தேசத்தில், புன்செய்ப் பூமியின் ஜனங்கள் தங்கள் மண்ணில் விளைந்த தானியத்தைத் தங்கள் உரிமைப் பங்காகக் கேட்டு வாங்கும் வழி அதனால் திறந்தது. ஆனால் அந்த வழி வீட்டு அடுப்பங்கரை வரையில்தான் சென்றிருக்கிறது. அதே வீட்டுக் குழந்தை வாரத்தில் ஐந்து நாள் உட்கார்ந்து உண்ணும் பள்ளிக்கூடத்துத் தட்டை அது இன்னும் எட்டவில்லை. அந்தத் தட்டு எப்படி உண்டாயிற்று, அதில் எது எப்பொழுது யாரால் வந்து விழுந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதும் தெளிவாகும்.

தகடூர் என்று பழைய நூல்களில் பேர்பெற்ற இந்தப் பூமி, மேற்கே ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்துகொண்டு இறங்கும் காவிரிக்கும் கிழக்கே சித்தேரி மலைத் தொடருக்கும் இடையில், பெரும்பாலும் செம்மண்ணும் கரடுமாகக் கிடக்கிறது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு மாறிய பாராமகால் பிரதேசத்தில் தருமபுரியும் ஓர் அங்கம். காப்டன் அலெக்ஸாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக வந்து ஏழாண்டு காலம் இங்கே நிலங்களை அளந்து தீர்வை விதித்த தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை இராஜதானியின் கவர்னராக உயர்ந்த பிறகும் தருமபுரி நாட்களை மறக்கவில்லை. அன்று அவர்கள் அளந்த நிலத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, சாமை, வரகு, கம்பு, சோளம், கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு, அவரை இவையே இந்நாட்டு ஜனங்களைக் காப்பாற்றி வந்தன. நெல்லுச் சோறு என்பது பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. அன்றாடம் பானையில் கொதித்து, துடுப்பால் கிண்டி, உருண்டையாக உருட்டி வைக்கப்பட்டது கேழ்வரகுக் களிதான். அதற்குத் துணையாகக் கீரைக் கடைசலோ, மொச்சைக் குழம்போ, கொள்ளு ரசமோ அமையும். காலையில் காட்டுக்குப் போகிறவர்களுக்கு முந்தின நாள் காய்ச்சிப் புளித்த கூழும் ஒரு வெங்காயமும் போதும். இந்த உணவில் குறை இல்லாமலில்லை. பால் எல்லா வீட்டிலும் இல்லை, பஞ்ச காலத்தில் எதுவுமே இல்லை. ஆயினும் தானியமும் பயறும் கீரையும் சேர்ந்த அந்த மூவகைச் சேர்க்கையை, பிற்காலத்துப் போஷணை சாஸ்திரிகள் பல ஆராய்ச்சிகளுக்குப் பின் சிபாரிசு செய்ததற்கு வெகு முன்பே, இங்குள்ள தாய்மார்கள் தினந்தோறும் ஆக்கிப் படைத்து வந்தார்கள்.

பஞ்சம் என்று சொன்னேன். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷத்துப் பஞ்சத்தில், அன்று தருமபுரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லா மிகக் கொடிய நாசத்துக்கு உள்ளானது. அந்தப் பஞ்சத்தின் நடுவே நிகழ்ந்த ஒரு விவாதத்தை நம்முடைய சரித்திர நூல்கள் போதிய அளவு எடுத்துப் பேசுவதில்லை. இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக 1877-இன் தொடக்கத்தில் வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்கும் நோக்கத்துடன், நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசுமே போதும் என்று விதித்தார். அதை எதிர்த்து எழுந்தவர் சென்னை இராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ். வயிற்றை நிரப்பும் தானியம் மட்டும் மனிதனை வாழ்விக்காது, பருப்பு வகைகளால் கிடைக்கும் சத்து இல்லாதவிடத்து உழைக்கும் தேகம் தளர்ந்து வியாதிக்கு இரையாகிவிடும் என்பது அவருடைய வாதம். சில மாதங்களுக்குப் பின் அந்தக் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்களை மீட்க முடியவில்லை. பசியை ஆற்றுவது ஒரு காரியம், போஷணை அளிப்பது வேறொரு காரியம் என்னும் உண்மையை அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்த குரல் நம் பக்கத்தில் அன்றே எழுந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்து உணவின் நூறாண்டுக் கதை முழுவதும் அந்த இரண்டு காரியங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க நடந்த பிரயத்தனமே ஆகும்.

பள்ளிக்கூடத்தில் உணவு என்னும் யோசனை தலைநகரில் பிறந்தது. 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஸர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமை வகித்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்ற ஆட்சேபத்தால் 1925 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, இரண்டாண்டுக்குப் பின் 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணவருக்கு என்ற சுருங்கிய அளவில் மீண்டும் உயிர்பெற்றது. இவற்றில் ஒன்றும் தருமபுரிக் காட்டுக்கு வந்து சேரவில்லை.

அதே காலத்தில் குன்னூரில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் ஆராய்ச்சி தொடங்கிய ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்து, கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட பஞ்சாபிச் சீக்கியர் உணவு முதன்மையானது என்றும், தீட்டிய அரிசியை முக்கியமாகக் கொண்ட சென்னை இராஜதானி உணவு கடைசியில் நிற்பது என்றும் நிரூபித்தார். நமக்கு அது பெருமை தரும் முடிவல்ல. ஆனால் அந்தக் கடைசி இடம் தீட்டிய அரிசிக்கு உரியதேயன்றி, தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் களி உண்டவர்களுடைய தட்டுக்கு உரியதன்று. மக்காரிசனுக்குப் பின் 1935-இல் அந்த ஆராய்ச்சியின் பொறுப்பை ஏற்ற டாக்டர் அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுகளின் சத்துகளை அட்டவணைப்படுத்தி ஒரு சிறு நூலாக வெளியிட்டபோது, கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு மிகுந்திருக்கிறது என்பது உலகம் அறியலாயிற்று. 100 கிராம் அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. அதே எடை கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவு. பசும்பாலைக் காட்டிலும் மூன்று பங்கு. பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால்பொடி அளித்தால் உயரமும் எடையும் கூடுகின்றன என்றும் அவரும் அவர் சகாக்களும் கண்டறிந்தார்கள். அந்த அறிவெல்லாம் குன்னூரிலிருந்து மலையிறங்கிச் சமவெளிப் பள்ளிக்கூடங்களுக்கு வந்துசேர இருபது ஆண்டுகள் பிடித்தன.

கொண்டுவந்து சேர்த்தவர் காமராஜர். 1954 ஏப்ரலில் முதன்மந்திரியாகப் பொறுப்பேற்ற அவர், பசிக்கு அஞ்சி மாடு மேய்க்கப் போய்விடும் குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுவர உணவைத் தவிர வேறு உபாயம் இல்லை என்று நிச்சயித்தார். கஜானாவில் பணம் இல்லை என்றார்கள் அதிகாரிகள். ஜனங்களிடம் கேட்போம் என்றார் அவர். கல்வி இலாகாவின் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று உபாத்தியாயர்களையும் செல்வர்களையும் குடியானவர்களையும் கூட்டி வைத்துப் பேச, 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு இயக்கம் தொடங்கிற்று. அரசாங்க உத்தரவினால் பிறந்த திட்டமன்று அது. ஊரார் தந்த அரிசியிலும் பருப்பிலும் விறகிலும் பிறந்த தர்மம். மறு வருஷம் அரசாங்கம் தன் தோளையும் கொடுத்தது. ஓர் உணவுக்கு 10 நயா பைசா என்று கணக்கிட்டு, அதில் 6 பைசா அரசாங்கமும் 4 பைசா ஊராரும் ஏற்பது என்று வகுத்தார்கள். நயா பைசா நாணயமே அந்த வருஷம்தான் புழக்கத்துக்கு வந்திருந்தது. ஊர்ப் பங்கு என்னும் அந்த நான்கு பைசாவைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து உணவின் சரித்திரத்தில் அதைவிட விலைமதிப்புள்ள காசு வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம். அதைக் கொடுத்தவனுக்கு, இன்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்கும் அதிகாரம் இருந்தது. களத்து மேட்டிலிருந்து தானியம் அளந்து கொடுத்தவன் தன் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதைத் தன் கண்ணால் கண்டான். அதைக் கண்டு முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். பந்தியோ கலையவில்லை.

1961-இல் அமெரிக்கத் தர்ம ஸ்தாபனமான 'கேர்' உணவுப் பொருள்களை அனுப்பத் தொடங்கியது. மக்காச்சோள மாவும் பால்பொடியும் தாவர எண்ணெயும் பின்னர்க் கோதுமை நொய்யும் கப்பலேறி வந்து இறங்கின. அந்த மாவில் கிண்டிய உப்புமாவின் வாசனையையும், வெந்நீரில் கரைத்த பாலின் ருசியையும் இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த உதவியை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். அதே சமயத்தில், கடல் கடந்து தானியம் வரத் தொடங்கியபோது களத்திலிருந்து வரும் தானியத்தின் மதிப்புக் குறைந்துபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதற்கிடையே, 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லாவாயிற்று. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கல்வியிலும் ஆரோக்கியத்திலும் பின்தங்கிய ஜில்லா என்ற பெயர் தருமபுரிக்கு நெடுங்காலம் நிலைத்திருந்தது.

1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சிராப்பள்ளிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் கிராமத்துக் குழந்தைகளுக்கு, அதே ஆண்டு செப்டம்பரில் நகரத்துக் குழந்தைகளுக்கு, 1984-இல் 15 வயது வரையிலுள்ள மாணவர்களுக்கு என்று அது விரிந்தது. இவ்வளவு பெரிய செலவை மாநிலம் தாங்காது என்று பொருளாதாரம் அறிந்தவர்கள் எச்சரித்தார்கள். மாநிலம் தாங்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று நியமிக்கப்பட்டவர்களில் கணவனை இழந்தவர்களும் ஆதரவற்றவர்களுமான ஸ்திரீகள் மிகுதி. பென்னாகரம், அரூர் பக்கத்துக் குக்கிராமங்களில் பெற்றோர் இருவரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு விடப்பட்ட குழந்தைகளுக்கு அந்த ஒரு வேளைச் சோறு என்னவாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்லி முடியாது. தமிழ்நாட்டைப் பார்த்து மற்ற ராஜ்யங்களும் பின்பற்ற, 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் பயிலும் குழந்தைகள் அனைவருக்கும் சமைத்த உணவு அளிப்பது ராஜ்யங்களின் கடமை என்று உத்தரவிட்டது.

பசி இவ்வாறு ஆறிற்று. போஷணையோ படிப்படியாகத்தான் வந்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998-இல் வாரத்துக்கு ஒன்று. 2006 முதல் இரண்டு, மூன்று என ஏறி, 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டைகள். முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். வாரம் ஒருமுறை பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். 2013-இல் ஜெ. ஜெயலலிதாவின் ஆட்சிக் காலத்தில் சாம்பார் சாதம் ஒன்றே என்ற நிலை மாறி, எலுமிச்சை சாதம், கீரை சாதம், புளியோதரை, மிளகு முட்டை எனப் பலவகை உணவுகள் ஜில்லாதோறும் பழக்கப்படுத்தப்பட்டன. எந்தக் கட்சியின் ஆட்சி வந்தாலும் தட்டில் இருப்பதைக் குறைக்கத் துணியாமல், ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைக் கூட்டியே சென்றார்கள் என்பது தமிழ்நாட்டு அரசியலில் அபூர்வமான நற்குணம். ஆனால் கூட்டியவை யாவும் அரிசிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டவை. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம், நடுநிலைப் பள்ளிக் குழந்தைக்கு 150 கிராம் என்று நிறுத்துப் போடப்படும் அரிசியைப் பற்றி மட்டும் யாரும் கேள்வி எழுப்பவில்லை.

அரிசியின் இந்த ஆதிக்கத்துக்குப் பள்ளிக்கூடம் மட்டும் காரணமன்று. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் அரிசி கிடைத்த பிறகு, உழுது விதைத்துக் களை பறித்துக் கதிரறுத்து அடித்துத் தூற்றி அரைத்துக் கிண்டும் கேழ்வரகை யார் நாடுவார்? அதோடு, பண்டிகை உணவாயிருந்த நெல்லுச் சோறு நித்திய உணவானபோது, களி ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்டது. அந்த எண்ணத்தைக் குழந்தைகளின் மனத்தில் நாம் நேராகப் போதிக்கவில்லை. ஆயினும் பள்ளியில் அரிசியும் வீட்டில் களியும் உண்ட ஒரு தலைமுறை, எது படித்தவர்களின் ஆகாரம் என்று தானாகவே முடிவு செய்துகொண்டது.

தருமபுரியின் விசேஷமான துன்பம் ஒன்றை இங்கே கூறாமல் விட்டால் இந்தச் சரித்திரம் அரைகுறையாகிவிடும். இங்குள்ள ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீரில் புளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மிஞ்சிக் கலந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். நாளடைவில் எலும்பும் மூட்டும் இறுகும். இந்த வியாதி இந்தியாவில் முதன்முதல் விவரமாக ஆராயப்பட்டதும் பழைய சென்னை இராஜதானியில்தான். 1937-இல் நெல்லூர் ஜில்லாவின் கிராமங்களில் அதைக் கண்டறிந்தார்கள். கறை படிந்த பல்லைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பெண்குழந்தைகளை இந்த ஜில்லாவின் பள்ளிகளில் வெகு காலம் காணலாயிருந்தது. இதற்கு மருந்து இல்லை. நல்ல நீர், அதோடு சுண்ணாம்புச் சத்தும் நெல்லிக்காய் முதலியவற்றிலுள்ள சி-வைட்டமினும் நிறைந்த உணவு, இவ்விரண்டுமே காப்பு. அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி அளித்ததாகப் போற்றும் நாட்டில், பிள்ளைகளுக்கு ஒரு நெல்லிக்காய் கிடைப்பது அரிதாயிருந்தது என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பானிய நிதியுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில் 2013-இல் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. பள்ளி உணவைப் பற்றிப் பேசுவோர் அரிசியையும் முட்டையையும் எண்ணுவார்கள். உலை நீரை எண்ணுவதில்லை. அரிசியானாலும் கேழ்வரகானாலும் தன் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீரை உறிஞ்சியே உணவாகிறது. ஆதலால் தருமபுரியில் சத்துணவுக் கூடத்துக்குள் காவிரிக் குழாய் வருகிறதா, அல்லது அவசரத்துக்கு ஆழ்குழாய் நீரில் சமைக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பதே பெற்றோர் செய்யக்கூடிய முதல் தொண்டு.

ஊரார் பங்கு என்று முன்னே சொன்னேனே, அது 1982-க்குப் பின் மறைந்துபோயிற்றா? உருமாறிற்று என்றே கூற வேண்டும். 1989-ஆம் ஆண்டு, சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் அரசாங்க முயற்சியாகத் தொடங்கப்பட்டது தருமபுரி ஜில்லாவில்தான். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் பதினைந்து இருபது பேராகக் கூடி, கூலியில் மிச்சம் பிடித்துச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கி, பாங்கியின் வாசற்படி ஏறினார்கள். பிறகு சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் மதுரைக்கும் பரவி, மாநிலம் முழுவதும் அது வேரூன்றியது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும், 2023 ஆகஸ்டு 25-ஆம் தேதி முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தபோதும், சமைக்கும் பொறுப்பு இந்த மகளிர் குழுக்களிடமே ஒப்படைக்கப்பட்டது. சமைக்கும் பெண்ணின் குழந்தை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்ற விதியை யோசித்தவர் யாராயினும் அவரை வணங்குகிறேன். தாய் தன் குழந்தைக்கு ஆக்கும் பாத்திரத்திலேயே ஊர்க் குழந்தைகளுக்கும் ஆகிவிடுகிறது என்றால், சோறு குழைந்ததா, பருப்பு வெந்ததா, காய் அழுகலா என்று சோதிக்க வேறோர் இன்ஸ்பெக்டர் எதற்கு?

அந்தக் காலை உணவுப் பட்டியலைப் பாருங்கள். ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி, வெண்பொங்கல், அவற்றோடு காய்கறிச் சாம்பார். நல்ல உணவுதான், சூடான உணவுதான். ஆனால் ரவையும் சேமியாவும் தருமபுரியில் விளைவதில்லை. அந்தந்தப் பிரதேசத்தில் கிடைக்கும் சிறுதானியத்தைக் கொண்டு வாரத்தில் இரண்டு நாளாவது சமைக்கலாம் என்று திட்டத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் கேழ்வரகும் சாமையும் விளைவிக்கும் ஜில்லாக்காரர்களேயன்றி வேறு யார்? சென்னைப் பள்ளி காத்திருக்கலாம். வத்தல்மலையில் சாமை காயும் களத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளி எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

சிறுதானியத்தைக் குழந்தைகள் தொடமாட்டார்கள் என்பது சிலர் சொல்லும் தடை. நம் எல்லைக்கு அப்பால், பெங்களூரைச் சுற்றியுள்ள நான்கு பள்ளிகளில், சுமார் 1,500 பிள்ளைகளை வைத்து இது சோதிக்கப்பட்டிருக்கிறது. ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையமும் அட்சய பாத்திரம் என்னும் ஸ்தாபனமும் சேர்ந்து, ஒரு பகுதியினருக்குக் கேழ்வரகு இட்லியும் சாமையும் கம்பும் கலந்த பிசிபேளாபாத்தும் கிச்சடியும் அளித்து, மற்றொரு பகுதியினருக்கு வழக்கமான அரிசியும் சாம்பாரும் அளித்து, மூன்று மாதம் கழித்து அளந்தபோது, சிறுதானியம் உண்டவர்களின் வளர்ச்சி மேம்பட்டிருந்தது. 2019-இல் வெளியான அந்த முடிவில் எனக்கு அதைவிட இனிப்பாகத் தோன்றியது, பிள்ளைகள் அந்த உணவை விரும்பி உண்டார்கள் என்ற செய்தி.

உண்மையான இடர்கள் வேறு. நூறு பிள்ளைகளுக்குக் களி கிண்டுவது ஓர் உதவியாளரின் கைக்கு இயலாது. ஆறிய களியைக் குழந்தை தொடாது. ஆகையால் பள்ளிக்கு ஏற்றது கூழும் அடையும் புட்டும் இட்லியும். கேழ்வரகு தானியமாக இருந்தால் பல வருஷம் கெடாது, மாவாக்கிவிட்டால் சில வாரங்களிலேயே பழைய வாடை வரும். எனவே மாவு அவ்வப்போது அந்த ஊரிலேயே அரைபட வேண்டும். கேழ்வரகிலுள்ள இரும்புச் சத்து தேகத்தில் எளிதில் சேர முளைகட்டியோ புளிக்கவைத்தோ உண்பது நல்லது. நம் பாட்டிமார் கூழைப் புளிக்க வைத்ததில் அந்த ஞானம் இருந்தது. கேழ்வரகு ஒன்றே எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நம்புவதும் பிழை. டாக்டர் கார்னிஷ் 1877-இல் சொன்னபடி, எந்தத் தானியமானாலும் அதற்குப் பக்கத்தில் பருப்பு வேண்டும். இன்றைய அறிவின்படி கீரையும் முட்டையும் வேண்டும். பள்ளிக் கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு நெல்லி, பிள்ளைகள் கைகழுவும் நீர் ஓடிப் பாயும் ஒரு கீரைப் பாத்தி என்று அமைத்துக்கொண்டால், கடும் கோடையிலும் அந்தப் பக்கத்துணை வற்றாது.

இவற்றுக்கு வேண்டிய யாவும் இந்த ஜில்லாவில் இருக்கின்றன. விளைவிக்கும் குடியானவன் இருக்கிறான். அரசாங்கக் கொள்முதல் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாகக் கணக்கெழுதியும் கூட்டாக வேலை செய்தும் பழகிய மகளிர் குழுக்கள் இருக்கின்றன. கல்வியுரிமைச் சட்டத்தின்படி பெற்றோர் பெரும்பான்மையாக அமர்ந்து, ஒரு தாய் தலைமை வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அந்தக் குழுவுக்கு உணவைப் பார்வையிடவும் ருசிபார்க்கவும் யோசனை கூறவும் சட்டப்படி இடமுண்டு. 1957-இல் நான்கு பைசா கொடுத்தவர்களின் பேரர்களுக்கு இன்று காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, கேட்டால் போதும்.

ஆகவே தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், நல்லம்பள்ளி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களையும், அவர்களோடு குழுவில் அமரும் ஆசிரியர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எழுதி நிறைவேற்றுங்கள். சமையல் காவிரி நீரிலேயே நடக்க வேண்டும் என்பது ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் நம் ஊர்க் கேழ்வரகும் சாமையும் பிள்ளைகளின் தட்டில் வரவேண்டும் என்பது மற்றொன்று. தீர்மானத்தின் ஒரு பிரதியைக் கலெக்டருக்கு அனுப்பி, மறு மாதக் கூட்டத்தில் பதில் என்ன வந்தது என்று தவறாமல் கேளுங்கள்.